கூலியில் பிடிக்கப்படும் அமானிதம்



கூலியாளின் வியர்வை உலர்வதற்கு முன்னால் அவனுடைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை மிம்பர்களில் கேளாத முஸ்லிம் இருக்க முடியாது. ஆனால் கையில் வாங்கிய கூலியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், கைக்கு வருமுன்பே அதிலிருந்து பிடித்துக் கொள்ளப்படுகிற கூலியைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. அதுவும் கூலிதான். அதற்கும் வியர்வை சிந்தப்பட்டிருக்கிறது. அதற்கும் நாளை மறுமையில் கேள்வி உண்டு.

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை அங்கே தொடங்கப்பட்டது. தனியார் சிமெண்ட் ஆலைகளும் இந்த வட்டாரத்தில் வரிசையாக நிற்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகள், ஜல்லி உடைக்கும் கிரஷர்கள், எறையூர் சர்க்கரை ஆலை, நாரணமங்கலத்து டயர் தொழிற்சாலை. லப்பைக்குடிக்காட்டிலும் வ.களத்தூரிலும் ஒரு காலத்தில் வாலிபனாகிவிட்டால் வியாபாரம், இல்லையேல் சபர் என்றுதான் வழி இருந்தது. இன்று இந்த ஆலைகளுக்கும், அவற்றைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கும், லாரி நிறுத்தங்களுக்கும் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டில் ‘பி.எப்.’ என்று ஒரு வரி, ‘இ.எஸ்.ஐ.’ என்று ஒரு வரி. “அத்தா, இது என்ன பிடித்தம்?” என்று மகன் கேட்டால் எத்தனை தகப்பன்மார்களுக்குப் பதில் தெரியும்?

சொல்லுவோம். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பிள்ளையை எடுத்துக் கொள்வோம். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு அவனுடைய பங்கு நூற்றுக்கு முக்கால். அதாவது தொண்ணூறு ரூபாய். முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால், அதாவது 390 ரூபாய். 2019 ஜூலை முதல் தேதி வரை இது தொழிலாளிக்கு ஒன்றே முக்காலும் முதலாளிக்கு நாலே முக்காலுமாக இருந்தது, அன்று குறைக்கப்பட்டது. இந்த 480 ரூபாயும் அந்தப் பிள்ளையின் பெயரில் உண்டியலில் சேருவதில்லை. நாடு முழுவதிலுமுள்ள தொழிலாளர்களின் பணத்தோடு ஒரே நிதியில் போய்க் கலந்துவிடுகிறது.

அப்படியானால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? வேலையில் சேர்ந்த நாள் முதல் அவனுக்கும் மனைவி மக்களுக்கும், அவனை அண்டி வாழும் பெற்றோருக்கும் மருத்துவம். அவன் நோயில் படுத்தால், பங்குத் தொகை கட்டும் ஆறு மாதத்தில் 78 நாட்களுக்குக் கட்டியிருப்பானேயானால், சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. பன்னிரண்டாயிரத்தை முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு நானூறு. அதில் எழுபது விழுக்காடு 280. தொண்ணூற்றொரு நாளுக்கு 25,480 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு எண்பது விழுக்காடாக இரண்டாண்டுகள் வரை நீட்டவும் வழியுண்டு. பெண் தொழிலாளிக்குப் பிரசவ காலத்தில் 26 வாரம் முழுச் சம்பளம்.

வேலையில் அடிபட்டு அவன் மௌத்தாகிவிட்டால், அவனுடைய அன்றாடச் சம்பளத்தில் தொண்ணூறு விழுக்காடு குடும்பத்துக்குரியது. அதில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, பிள்ளைக்கு ஐந்தில் இரண்டு பங்கு. நம் கணக்கில் நாளுக்கு 360 ரூபாய். இதற்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் உரிமை உரிமைதான். இன்னொன்றையும் வாசகர்கள் மனதில் நன்றாகப் பதித்துக் கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில், திரும்பி வருகிற வழியில் நேருகிற விபத்தும், வேலையோடு தொடர்பு உடையதாக இருந்தால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்று 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற சாலைகளில் மோட்டார் சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இனி பி.எப். என்னும் வருங்கால வைப்பு நிதி. 1952ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. தொழிலாளியிடம் நூற்றுக்குப் பன்னிரண்டு, முதலாளியிடம் நூற்றுக்குப் பன்னிரண்டு. நம் பிள்ளை கட்டுகிற 1,440 ரூபாயும் அவன் கணக்கிலேயே சேருகிறது. முதலாளி கட்டுகிற 1,440இல் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது. மீதி 440 அவன் கணக்குக்கு. பென்ஷன் நிதிக்கு மத்திய அரசும் நூற்றுக்கு 1.16 சேர்க்கிறது. இந்தப் பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16இல் வந்தது. பத்தாண்டு ஊழியம் இருந்தால் 58 வயதில் பென்ஷன். கணக்கு சுலபம்: சம்பளத்தை ஊழிய ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். பன்னிரண்டாயிரத்துக்குப் பத்தாண்டு என்றால் மாதம் 1,714 ரூபாய். அற்பத் தொகைதான், மறுக்கவில்லை. ஆயினும் அவன் ஊழியத்திலிருக்கும்போதே மௌத்தானால், ஒரே ஒரு மாதம் கட்டியிருந்தாலும் விதவைக்குப் பென்ஷன் உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை உண்டு என்பதை அறிந்தவர்கள் அதை அற்பமென்று சொல்லமாட்டார்கள்.

ஆரோக்கியமாயிருப்பவனின் பணம் நோயாளிக்குப் போகிறது. பிரம்மச்சாரியின் பணம் அடுத்தவன் பிள்ளையின் மருந்துக்குப் போகிறது. கட்டுவது சம்பளத்துக்குத் தக்கபடி. பெறுவது தேவைக்குத் தக்கபடி. இதை ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தது உண்மை. ஆனால் நம் பிக்ஹு கிதாபுகளை ஓதியவர்களுக்கு ‘ஆகிலா’ என்ற சொல் புதியதல்லவே!

ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளும் அவள் வயிற்றிலிருந்த சிசுவும் மாண்ட வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அந்த உயிர் ஈட்டை எறிந்தவளுடைய ஆகிலாவின் மீது, அதாவது அவளுடைய கோத்திர உறவினர் மீது சுமத்தித் தீர்ப்பளித்தார்கள். தவறி நேர்ந்த ஒரு மரணத்தின் சுமை தனி ஒருவரை நசுக்கிவிடாமல் கூட்டமாகத் தாங்குவது என்பது இதன் தாத்பரியம். பின்னர் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தீவான் பதிவேட்டை ஏற்படுத்தி வீரர்களுக்கு மானியம் வழங்கியபோது, ஒரே பதிவேட்டில் பெயருள்ளவர்களையே ஒருவருக்கொருவர் ஆகிலாவாக ஆக்கினார்கள். இரத்த உறவு இருந்த இடத்தில் சம்பளப் பதிவேடு வந்தது! ஹனபி இமாம்கள் இதையே சட்டமாக எடுத்துரைக்கிறார்கள். அவர்களுடைய மானியத்திலிருந்தே, மூன்றாண்டுத் தவணையில், ஒருவர் தலைக்கு மொத்தம் மூன்று அல்லது நான்கு திர்ஹத்துக்கு மேற்படாமல் பிடிக்க வேண்டும் என்று கணக்கும் வகுத்தார்கள். சம்பளத்தில் பிடித்தம், சிறுதொகை, பலர் சேர்ந்து தாங்குவது. மூன்றும் அங்கே இருக்கின்றன. இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆகிலாவில் கட்டுகிறவன் தனக்கென்று எதையும் பெறுவதில்லை. கொல்லப்பட்டவனின் வாரிசுகளே பெறுகிறார்கள். ஆனால் சுமையைப் பங்கிடும் எண்ணம் நமக்கு அந்நியமல்ல.

“இன்சூரன்ஸ் என்றாலே ஹராமல்லவா? பி.எப்.புக்கு வட்டி சேர்க்கிறார்களே?” என்ற கேள்வி உடனே எழும். எழ வேண்டும், மார்க்கப் பற்றுள்ள வீட்டில் எழாவிட்டால்தான் கவலை. 1985இல் ஜித்தாவிலுள்ள சர்வதேச பிக்ஹு அகாடமி, இலாபத்துக்காக நடத்தப்படும் வணிக இன்சூரன்ஸைக் கூடாது என்றது. பரஸ்பர உதவிக்காக ஏற்படும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. அதற்கு இருபதாண்டுகள் முன்பே, 1965இல், கெய்ரோவில் கூடிய அல்-அஸ்ஹரின் இஸ்லாமிய ஆய்வுக் கழக மாநாடு, அரசுகள் நடத்தும் சமூகக் காப்பீடும் ஓய்வூதியமும் ஆகுமானவை என்று முடிவு செய்தது. இ.எஸ்.ஐ. யாரும் விலைக்கு விற்கிற சரக்கல்ல. அதில் பங்குதாரருக்கு இலாபமில்லை. தொழிலாளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சட்டம் பிடிக்கிறது.

பி.எப். வட்டியைப் பற்றி முப்தி முஹம்மது ஷபீ சாஹிப் (ரஹ்) தனியே ஒரு சிறு நூலே எழுதினார்கள். அவர்களது தீர்ப்பின் சாரம் இது: கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைவசத்துக்கு வரவே இல்லை, ஆகவே அது அவன் கடனாகக் கொடுத்த பணமல்ல, அதன்மேல் சேர்த்துத் தரப்படுவது, பெயர் வட்டியென்றிருந்தாலும், உண்மையில் ஊதியத்தைச் சேர்ந்ததே. இதற்கு ஜகாத்தும் கைக்கு வந்த பின்புதான். ஆனால் சட்டம் கேட்பதற்கு மேல் தானாக விரும்பி அதிகம் பிடிக்கச் சொல்கிற ஏற்பாட்டில் வட்டியின் சாயல் உண்டென்று அவர்கள் எச்சரித்தார்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு எட்டேகால் விழுக்காடு அறிவிக்கப்பட்டதைப் பார்த்து, பாங்கியைவிட இலாபமாயிருக்கிறதே என்று கூடுதலாகப் போடத் துடிக்கிற வாலிபர்கள் முதலில் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளட்டும். வேறு கருத்துடைய உலமாக்களும் உண்டு. அவர்களைப் பின்பற்றுகிறவர்களோடு நமக்குச் சண்டையில்லை.

சண்டை வேறிடத்தில் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தை எழுதியவர்கள் மார்க்க அறிஞர்களல்லர். ஆயினும் அதன் 40ஆவது பிரிவில், கூலியிலிருந்து முதலாளி பிடித்த தொகை தொழிலாளி அவரிடம் ஒப்படைத்த பொருளாகவே கருதப்படும் என்று எழுதி வைத்தார்கள். நம் பாஷையில் இதற்குப் பெயர் அமானிதம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1973லும் 1975லும் சேர்க்கப்பட்ட விளக்கங்கள் இன்னும் கடுமையானவை. பி.எப்., இ.எஸ்.ஐ. தொகையைப் பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளி நம்பிக்கை மோசடி செய்தவராவார். 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவிலும் அவை அப்படியே இருக்கின்றன. அமானிதத்தில் மோசம் செய்வது முனாபிக்கின் அடையாளங்களில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இங்கே நினைத்துப் பாருங்கள். துன்யாவின் சட்டமும் ஷரீஅத்தும் ஒரே குற்றத்தின் மீது விரலை வைக்கின்றன.

இது யாருக்கோ சொல்லப்படுவதல்ல. நம்மிலும் முதலாளிகள் இருக்கிறார்கள். லாரி வைத்திருக்கிறவர், கிரஷர் வைத்திருக்கிறவர், ஜவுளிக்கடை, ஹோட்டல், ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர். பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் பதிவேட்டில் ஒன்பது பேர்! ஏனென்றால் பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. வந்துவிடும். பத்தொன்பதில் நிற்கிற பதிவேடுகளும் உண்டு, இருபதானால் பி.எப். தங்களுடைய பங்கான மூன்றேகாலையும் பன்னிரண்டையும் சேர்த்துத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடிக்கிறவர்கள் உண்டு. சட்டம் அதை வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது. இன்னும் சிலர் பிடித்த பணத்தை அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் செலுத்தாமல் தங்கள் சரக்குக்கு முதலாகச் சுழற்றுகிறார்கள். அதே கையால் ரமலானில் ஜகாத் சேலையும் அரிசியும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்கிறார்கள். உழைத்தவனுக்குரிய ஹக்கு கடன். கடனைக் கொடுக்காமல் வைத்துக் கொண்டு, அந்தக் கடனுக்குரியவனுக்கே தர்மம் செய்வதாக எண்ணுவது எந்த மத்ஹபில் உள்ளது? ஜகாத் பணத்தைக் கொடுத்து அதைக் கூலிக் கணக்கில் கழித்துக் கொள்ளவும் முடியாது.

“போட்டி அதிகம், கட்டினால் கட்டுப்படியாகாது” என்கிறார்கள். கஷ்டம் நமக்குத் தெரியாமலில்லை. சிறு வியாபாரியின் கை இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டாமல் விடுகிற தொகை காற்றில் கரைந்து போவதில்லை. ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்குகிற அன்று அது மொத்தமாக அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. முதலாளி கட்டத் தவறினாலும் தொழிலாளிக்குரியதைக் கழகம் வழங்கிவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாதவன் தான் அங்கே வேலை செய்ததை நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும்.

தொழிலாளிகளிடமும் குறையுண்டு. “என் பெயரை எழுதாதீர்கள், பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் கொடுங்கள்” என்று கெஞ்சுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! தொண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்கள். அதற்கு நாலு மடங்குக்கு மேல் முதலாளியிடமிருந்து சேர வேண்டியதை அவருக்கே விட்டுக் கொடுக்கிறார்கள். தவக்குல் என்பது இதற்குப் பெயரல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கிராமவாசிக்குச் சொன்னார்களே! வேலை மாறும்போதெல்லாம் பி.எப். பணத்தைப் பிய்த்தெடுத்து வண்டி வாங்குகிறவர்கள், பத்தாண்டு ஊழியம் என்ற கணக்கு அறுந்து போவதைக் கவனிப்பதில்லை. நோயில்லாமல் நோய்ச் சான்று வாங்கி இ.எஸ்.ஐ. பணம் பெற்று, அந்த நாட்களில் வேறிடத்தில் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அரசாங்கத்தின் பணமல்ல. காசநோயில் படுத்திருக்கும் இன்னொரு தொழிலாளியின் பணம்.

பெயர் விவகாரம் நம் சமூகத்துக்கே உரிய தலைவலி. ஆதாரில் ‘முகமது அலி’, பள்ளிச் சான்றிதழில் ‘முஹம்மதலி’, ஆலைப் பதிவேட்டில் முன்னெழுத்தோடு வெறும் ‘அலி’. மனைவி ஓரிடத்தில் பீவி, ஓரிடத்தில் பேகம், நிக்காஹ் தப்தரில் வேறொன்று. உயிரோடிருக்கும்போது ஒரு நாளில் திருத்திவிடக் கூடியதை, மௌத்துக்குப் பின் விதவை மாதக்கணக்காக அலைந்து திருத்த வேண்டியிருக்கிறது. நியமனதாரர் என்று கல்யாணத்துக்கு முன் தாயார் பெயரை எழுதியவர்கள் கல்யாணத்துக்குப் பின் அந்தப் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இதில் ஒரு மஸ்அலாவும் உண்டு. பி.எப். கணக்கில் சேர்ந்த தொகை மையித்தின் சொத்து. நியமனதாரர் வாங்கினாலும், மனைவி, மக்கள், தாய் தகப்பன் எல்லோருக்கும் பாகப்பிரிவினைப்படி சேர வேண்டும். விதவை பென்ஷனும் இ.எஸ்.ஐ. உதவித்தொகையும் அப்படியல்ல. மரணத்துக்குப் பிறகு அவளுக்கென்று வழங்கப்படுவது அவளுக்கே சொந்தம் என்பது உலமாக்களின் பொதுவான விளக்கம். விதவையின் பென்ஷன் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக் கொள்ளும் மச்சான்மார்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

சபரிலிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சமூகக் காப்பீட்டில் வேலை விபத்துப் பிரிவு மட்டுமே. அதற்குரிய இரண்டு விழுக்காட்டை முதலாளி கட்டுகிறார். முதுமைப் பென்ஷன் அந்நாட்டவருக்கு. நமக்குக் கிடைப்பது ஊழியம் முடியும்போது தரும் பணிக்கொடைதான். முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பின் ஒரு மாதம். இருபது ஆண்டு அங்கே உழைத்துத் திரும்புகிறவர் ஊரில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவராகவே திரும்புகிறார் என்பதை நினைத்துத் திட்டமிட வேண்டும்.

கொத்தனார், சித்தாள், பெயிண்டர்களுக்கு 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. பள்ளிவாசல் மதரஸா ஊழியர்களுக்கு 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் வந்தது. நம் முஅத்தின்மார்களில் யார் யார் அதில் பதிந்திருக்கிறார்கள் என்று முத்தவல்லிகள் ஒரு தரம் விசாரிப்பார்களா?

பழைய இ.எஸ்.ஐ. சட்டம் ஊர் ஊராக அரசிதழில் அறிவித்தால்தான் வரும். ‘எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை’ என்ற பதிலுக்கு அதில் இடமிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த அறிவிக்கை முறை இல்லை. அரசு அறிவிக்கும் அபாயத் தொழில்களில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும், பத்துக்குக் குறைந்த ஆட்கள் உள்ள மற்ற இடங்களிலும் இரு தரப்பும் சம்மதித்துத் தாமாகவே சேரலாம். ஒன்பதோடு பதிவேட்டை நிறுத்துகிறவர்களுக்கு இனி சொல்லச் சாக்கு குறைவு.

மஹல்லாக்கள் செய்யக் கூடியது சிறியதுதான். மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், கணினி தெரிந்த இரண்டு பிள்ளைகள் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களுடைய பன்னிரண்டு இலக்கப் பி.எப். எண்ணில் பணம் சேர்ந்திருக்கிறதா, பெயர் ஆதாரோடு ஒத்திருக்கிறதா, நியமனம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். இத்தாவிலிருக்கும் பெண்கள் வெளியே போக முடியாதென்று மனுவைத் தள்ளிப் போட வேண்டாம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி மஹ்ரமான ஆண் கொடுத்து வரலாம். பென்ஷன் வாங்கும் முதியவர்கள் ஆண்டுக்கொரு முறை தரவேண்டிய உயிர்வாழ் சான்றையும், திருச்சிக்குப் பஸ் ஏறாமல், செல்போனில் முகத்தைக் காட்டியோ தபால்காரரை வீட்டுக்கு அழைத்தோ கொடுத்துவிட முடிகிறது.